முதல் கில்ட்: துணியை முடிவு செய்துவிட்டு டார்டனுக்கு வாருங்கள்

கேள்வி: கிளாஸ்கோவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நெருங்கிய நண்பரின் கல்யாணம் அக்டோபரில் வருகிறது. ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் அந்தக் கொசுவம் வைத்த கில்ட்டை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாகவே ஒன்று தைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எந்த டார்டன், அதாவது எந்தக் கட்ட வடிவம் எடுப்பது? எந்த ஸ்காட்டிஷ் குலத்தையும் சேராத நான் உடுத்தினால் தவறாக நினைப்பார்களா? துணியில் என்ன பார்த்து வாங்க வேண்டும்?

பதில்:

முதல் கில்ட் வாங்கப் போகிற எல்லோரும் இந்த வரிசையில்தான் கேட்கிறார்கள். முதலில் டார்டன், அப்புறம் உரிமை, கடைசியில் துணி. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கட்டங்களையும் நிறங்களையும் மாதக்கணக்கில் பார்த்தேன், துணியை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தேன். அந்த கில்ட் எனக்கு இரண்டு ஆண்டுகூட உழைக்கவில்லை. அதனால் பதிலைத் தலைகீழாகச் சொல்கிறேன். துணியின் எடையையும் இழையையும் முதலில் முடிவு செய்யுங்கள். கில்ட் உங்கள் உடம்பில் எப்படி நிற்கும், எத்தனை வருடம் நிற்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கட்டம் கொஞ்சம் சுமாராக அமைந்தாலும் பழகப் பழகப் பிடித்துவிடும். துணி சரியில்லை என்றால் எந்தத் தையல்காரராலும் சரிசெய்ய முடியாது.

உரிமை பற்றிய கேள்விக்கு மட்டும் இப்போதே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், மனத்தில் அந்த உறுத்தலோடு மற்றதைப் படிக்க வேண்டாம். தாராளமாக உடுத்தலாம். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது துணி. கில்ட் துணியை அவுன்ஸ் கணக்கில்தான் சொல்வார்கள். ஏறக்குறைய 54 முதல் 60 அங்குல அகலமுள்ள துணியில் ஒரு கெஜம் எத்தனை அவுன்ஸ் எடை என்பது கணக்கு. 10, 11 அவுன்ஸ் என்றால் மெல்லியது. 13 அவுன்ஸ் நடுத்தரம். 16 அவுன்ஸ் கனமானது. அதற்கு மேலும் இருக்கிறது, ராணுவத்துக்கு நெய்கிற துணி இன்னும் கனமாக வரும். ஆலைகளின் மாதிரிப் புத்தகங்களில் எடைக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். செல்கர்க்கில் இருக்கும் லாக்கேரன் ஆலையின் புத்தகத்தைப் புரட்டினால் ரீவர் என்பது மெல்லியது, ப்ரேரியக் நடுத்தரம், ஸ்ட்ரோம் கனமானது. பெயரைப் பார்த்து மயங்காமல் "இது எத்தனை அவுன்ஸ்?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? கில்ட்டைப் பின்புறமிருந்து பாருங்கள். இடுப்பிலிருந்து புட்டத்தின் அகலமான இடம் வரைதான் கொசுவங்கள் தைக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே, முழங்கால் வரை, ஒரு தையல்கூடக் கிடையாது. கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பதும் இல்லை. துணியின் கரையே கில்ட்டின் கீழ் விளிம்பு. ஆக, அந்தக் கொசுவங்கள் நேராக விழுவதும், நடக்கும்போது விரிந்து மறுபடி மூடுவதும் முழுக்க முழுக்கத் துணியின் சொந்த எடையால் நடக்கிற காரியம். பட்டுப்புடவையின் கொசுவத்தையும் நைலக்ஸ் புடவையின் கொசுவத்தையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பட்டு சொன்ன இடத்தில் நிற்கும். நைலக்ஸ் காற்று சொல்கிற இடத்தில் நிற்கும்.

ஸ்காட்லாந்தில் காற்றுக்கும் மழைக்கும் குறைவில்லை. என்னுடைய முதல் கில்ட் மெல்லியது, கம்பளியும் செயற்கை இழையும் கலந்தது. காலையில் இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனால் மதியத்துக்குள், உட்கார்ந்து எழுந்த இடத்தில் கொசுவம் கலைந்து பின்பக்கம் ஒரு பாவாடை மாதிரி ஆகிவிடும். பாலத்தில் நடந்து போகும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்ததை 16 அவுன்ஸில் தைத்தேன். பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. கொசுவங்கள் இன்னும் தைத்த நாளில் இருந்தபடியே விழுகின்றன. நான் அதை இஸ்திரி போட்டது மொத்தமாக நான்கைந்து முறை இருக்கலாம்.

"16 அவுன்ஸ் என்றால் சுமையாக இருக்காதா?" என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். முழு கில்ட்டை எட்டு கெஜ கில்ட் என்பார்கள். மடிசார் ஒன்பது கெஜம், இது அதைவிட ஒரு கெஜம் குறைவு, அவ்வளவுதான். அகலத் துணியில் நான்கு கெஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு கொசுவத்தின் உள்ளே மறையும்படி இணைத்தால் எட்டு கெஜம் ஆகிவிடும். நான்கு கெஜத்தை 16 அவுன்ஸால் பெருக்கினால் 64 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 1.8 கிலோ. அதே கில்ட் 13 அவுன்ஸ் துணியில் ஒன்றரைக் கிலோ வரும். வித்தியாசம் முந்நூறு கிராம்தான். கையில் தூக்கினால் 1.8 கிலோ கனமாகத் தெரியும். இடுப்பில் கட்டினால் தெரியாது, ஏனென்றால் கில்ட் தொப்புள் உயரத்தில் இறுக்கமாகப் பிடித்து, எடையை இடுப்பைச் சுற்றிலும் பரப்பி உட்காரும்.

சூடு பற்றியும் ஒரு பயம் இருக்கும். குளிர்நாட்டுக் கம்பளி, அதுவும் எட்டு கெஜம் என்றதும் நமக்கு வியர்க்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் கால் திறந்திருக்கிறது, கீழிருந்து காற்று போய் வருகிறது. கல்யாண இரவில் கேய்லி என்ற ஸ்காட்லாந்து நாட்டுப்புற ஆட்டம் மூன்று மணி நேரம் ஆடினால் எல்லோருக்கும் வியர்க்கும். அதில் கில்ட்டை விட மேலே போட்டிருக்கும் கோட்டுக்குத்தான் பங்கு அதிகம். சுழன்று ஆடும்போது கனத் துணியின் கொசுவம் விரிந்து மூடுவதைப் பாருங்கள், எடையின் அருமை அப்போது புரியும்.

13 அவுன்ஸைக் குறைவாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நல்ல துணி. சில டார்டன்கள் ஒரு எடையில் மட்டும்தான் தயாராக இருக்கும். நீங்கள் விரும்பியது 13 அவுன்ஸில் மட்டும் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். 10, 11 அவுன்ஸ் கம்பளி வேறு விஷயம். அது பெண்கள் பாவாடைக்கும் சால்வைக்கும் அழகான துணி. ஆண்கள் கில்ட்டுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இழைக்கு வருவோம். கில்ட்டுக்கு ஏற்றது வொர்ஸ்டட் கம்பளி. நீண்ட இழைகளைச் சீவி, குட்டை இழைகளை நீக்கி, இறுக்கமாக முறுக்கி நூற்றது. மேற்பரப்பு வழவழப்பாகவும் உறுதியாகவும் இருக்கும், மடிப்பு கத்தி போல நிற்கும். ஸ்வெட்டர் போலப் பூஞ்சையாக இருக்கும் சாதாரணக் கம்பளியில் இது வராது. நெசவு ட்வில், ஜீன்ஸ் துணியில் பார்க்கிற அதே சாய்ந்த கோடு. துணியைக் கண்ணருகே கொண்டுபோனால் அந்தச் சாய்வு சீராகவும் நெருக்கமாகவும் தெரிய வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சல்லடை மாதிரி ஒளி ஊடுருவக் கூடாது.

எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் நடந்தால் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளில் மிக மலிவான கில்ட்கள் தொங்கும். பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. விசேஷ நாள் வேடிக்கைக்கு வாங்கினால் சரி, கல்யாணத்துக்கு வேண்டாம். அக்ரிலிக்கில் சீக்கிரமே பொடிப்பொடியாக உருண்டை திரளும். முன்னால் தொங்கும் ஸ்போரன் பை உரசுகிற இடத்தில் துணி தேய்ந்து பளபளக்கும். தீ பட்டால் உருகி ஒட்டும். கம்பளி அப்படி எளிதில் தீப்பிடிக்காது. சந்தேகம் வந்தால் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள், பட்டுப்புடவைக்குச் செய்கிற அதே சோதனைதான். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை என்றால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இணையத்தில் "அக்ரிலிக் வுல்" என்று எழுதி விற்பதைப் பார்ப்பீர்கள். அந்தச் சொல்லில் கம்பளி இருக்கிறதே தவிர, துணியில் இல்லை.

பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த பாலி விஸ்கோஸை அக்ரிலிக்கோடு சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது. இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் இருக்கும் மார்ட்டன் மில்ஸ் போன்ற ஆலைகள் நெய்கிற பாலி விஸ்கோஸ் துணி மடிப்பு பிடிக்கும், வீட்டிலேயே மெஷினில் துவைக்கலாம், விலையும் குறைவு. மலை ஏறப் போகிறீர்கள், திறந்தவெளி இசை விழாவில் சேற்றில் நிற்கப் போகிறீர்கள், கால்பந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதுவே புத்திசாலித்தனமான தேர்வு. கம்பளி ஒத்துக்கொள்ளாமல் தோல் அரிக்கிறவர்களுக்கும் அதுதான் வழி. ஆனால் அது மெல்லியது. காற்றில் கொஞ்சம் எடுபடும், கம்பளியின் விழுகை அதற்கு வராது. உங்களுடையது கல்யாணத்துக்கான முதல் கில்ட். கம்பளியே எடுங்கள்.

பணம் இடித்தால் எதைக் குறைப்பது? துணியின் தரத்தையும் எடையையும் குறைக்காதீர்கள், கெஜத்தைக் குறையுங்கள். ஐந்து கெஜ கில்ட் என்று ஒன்று உண்டு. கொசுவங்கள் எண்ணிக்கையில் குறைவாகவோ ஆழம் குறைவாகவோ இருக்கும். 16 அவுன்ஸ் கம்பளியில் ஐந்து கெஜம் தைத்தது, 11 அவுன்ஸில் எட்டு கெஜம் தைத்ததை விடப் பல மடங்கு நன்றாக விழும். பழைய முறையில் நான்கு கெஜத்தில் பெட்டி மடிப்பு வைத்துத் தைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தைத்த கில்ட்கள் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. எனக்கு அந்தத் தோற்றம் மிகவும் பிடிக்கும். ஆனால் எல்லாத் தையல்காரருக்கும் அந்தப் பழக்கம் இருக்காது, கேட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது கட்டத்துக்கு வருகிறேன். நமக்குக் கட்டம் போட்ட துணி புதிதல்ல, கைலியிலும் மெட்ராஸ் செக்கிலும் பார்த்து வளர்ந்தவர்கள். டார்டனில் ஒரு தனி விதி இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் என்ன நிற வரிசை ஓடுகிறதோ, குறுக்கே ஓடும் ஊடையிலும் பொதுவாக அதே வரிசை அதே அளவில் ஓடும். ஒரே நிறம் ஒரே நிறத்தைக் கடக்கும் இடத்தில் அழுத்தமான நிறம், வேறு நிறத்தைக் கடக்கும் இடத்தில் இரண்டும் கலந்த நிறம். ஆறு நிற நூல்களை வைத்து நெய்தால் கலப்போடு சேர்த்து 21 நிறங்கள் கண்ணுக்குத் தெரியும். டார்டன் தூரத்தில் ஒரு மாதிரியும் பக்கத்தில் வேறு மாதிரியும் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அந்த நிற வரிசையின் ஒரு முழுச் சுற்றை 'செட்' என்பார்கள். கனத் துணிகளில் ஒரு செட் பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டு அங்குலம் இருக்கும். இதைக் கட்டாயம் கவனியுங்கள், ஏனென்றால் பின்பக்கக் கொசுவம் முழுவதும் செட்டை வைத்துத்தான் அமைகிறது. கொசுவம் வைப்பதில் இரண்டு வழிகள். ஒன்று, ஒவ்வொரு கொசுவத்திலும் செட்டின் அடுத்தடுத்த பகுதி வெளியே தெரியும்படி மடிப்பது. எல்லாம் சேர்ந்ததும் பின்பக்கமும் முன்பக்கம் போலவே முழுக் கட்டமாகத் தெரியும், மடித்திருக்கிறது என்பதே தூரத்தில் தெரியாது. இரண்டாவது, ஒவ்வொரு கொசுவத்தின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி மடிப்பது. ராணுவப் படைகளில் இந்த வழக்கம் அதிகம். கார்டன் ஹைலேண்டர்ஸ் படை மஞ்சள் கோட்டை மட்டும் வெளியே காட்டித் தைத்தது. நிற்கும்போது பின்பக்கம் வரிவரியாக இருக்கும். நடக்கத் தொடங்கியதும் உள்ளே ஒளிந்திருக்கும் நிறங்கள் மின்னி மறையும்.

எனக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்த பெண்மணி, நான் இரண்டு குளிர்காலம் மாலை வேளைகளில் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன், துணியை முன்பக்கமாக விரித்துப் பார்க்கவே மாட்டார். வந்ததும் ஒரு ஓரத்தைக் கையில் எடுத்து நான்கைந்து கொசுவம் மடித்துத்தான் பார்ப்பார். கடையில் நீங்களும் அதையே செய்யுங்கள். பார்ப்பவர்கள் உங்கள் பின்பக்கத்தையும்தான் பார்ப்பார்கள். செட்டாக மடித்தால் அடக்கமாக இருக்கும் டார்டன், கோடாக மடித்தால் ஒரேயடியாகச் சிவந்து போகலாம். முதல் கில்ட்டுக்கு செட் மடிப்பையே நான் சொல்வேன், எந்த இடத்துக்கும் பொருந்தும். இன்னொன்று, டார்டன்களில் பெரும்பாலானவை இருபுறமும் ஒத்த வரிசை, நடுவிலிருந்து திரும்பி அதே நிறங்கள் வரும். புக்கானன் போன்ற சில அப்படித் திரும்பாதவை. அழகானவைதான், ஆனால் நன்றாகப் பழகிய கை தைக்க வேண்டும்.

சரி, எந்த டார்டன்? உங்கள் தயக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு குலத்துக்கும் ஆதிகாலம் தொட்டு ஒரு டார்டன் உண்டு, ரத்த உறவு இல்லாதவன் அதைத் தொடக் கூடாது என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆவணங்களில் தெரிகிற வரலாறு வேறு. ஸ்டுவர்ட் வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்ற 1745இல் நடந்த ஜேக்கபைட் கிளர்ச்சி தோற்றதும், 1746இல் நாடாளுமன்றம் ஹைலேண்ட் எனும் வட மலைப்பகுதியின் உடைக்குத் தடை கொண்டுவந்தது. 1747 ஆகஸ்ட் 1 முதல் ஆண்களும் பையன்களும் கில்ட்டோ டார்டன் மேலாடையோ போட்டால் தண்டனை. அரசுப் படையில் இருந்த ஹைலேண்ட் வீரர்களுக்கு மட்டும் விலக்கு. தடை 1782இல் நீங்குவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. அப்புறம் லண்டனில் இருந்த ஹைலேண்ட் சங்கம் 1815இல் குலத்தலைவர்களிடம் "உங்கள் குலத்து டார்டனின் மாதிரித் துண்டை முத்திரையிட்டு அனுப்புங்கள்" என்று கேட்டது. தங்கள் குலத்து டார்டன் எது என்று தெரியாமல் விழித்த தலைவர்களும் இருந்தார்கள்.

அதே காலத்தில் ஸ்டர்லிங்குக்குப் பக்கத்தில் பேனக்பர்னில் வில்சன்ஸ் என்ற நெசவுக் குடும்பம் பெரிய அளவில் டார்டன் நெய்து விற்றுக்கொண்டிருந்தது. 1819இல் அவர்கள் தொகுத்த வடிவப் புத்தகம் இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை. அதில் பல வடிவங்களுக்கு ஊர்ப் பெயர், சிலவற்றுக்கு வெறும் எண். இன்று மேக்ஃபர்சன் குலத்தின் டார்டன் என்று அறியப்படும் ஒன்று அவர்களிடம் 43ஆம் எண்ணாக இருந்தது. 1822இல் அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை முன்னின்று நடத்திய எழுத்தாளர் வால்டர் ஸ்காட் எல்லோரையும் டார்டனில் வரச் சொன்னார். அந்தக் கோடையில் வில்சன்ஸின் தறிகளுக்கு ஓய்வே இருந்திருக்காது. 1842இல் வந்த 'வெஸ்டியேரியம் ஸ்காட்டிகம்' என்ற நூல், பழைய கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்ததாகச் சொல்லிக் குல டார்டன்களைப் பட்டியலிட்டது. அந்தக் கையெழுத்துப் பிரதி போலி என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த நூலில் வந்த வடிவங்களில் பலவற்றைக் குலங்கள் தங்களுடையதாக ஏற்று இன்றும் உடுத்துகின்றன.

இதைச் சொல்வதால் குல டார்டன்கள் எல்லாம் பொய் என்று ஆகிவிடாது. இருநூறு ஆண்டுகளாகக் கல்யாணத்திலும் சாவிலும் போரிலும் உடுத்திய துணிக்கு அந்த உடுத்தலே மதிப்பைத் தந்துவிட்டது. கேம்பல் குலத்தவர் ஒருவர் தன் தாத்தாவின் டார்டனைத் தொட்டுப் பேசும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், அது முழுக்க உண்மையான உணர்வு. அதனால் என் வழக்கம் இது: குலப்பெயர் தாங்கிய டார்டனை, அந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லாமல் நானாக எடுப்பதில்லை. சட்டம் தடுக்கவில்லை, பெரும்பாலான ஸ்காட்லாந்துக்காரர்கள் பொருட்படுத்தவும் மாட்டார்கள். ஆனாலும் "நீங்களும் மேக்லவுட் குலமா?" என்று ஒருவர் ஆசையோடு வந்து கேட்கும்போது சொல்ல ஒரு பதில் வேண்டும். நண்பர் தன் குடும்ப டார்டனை உங்களையும் போடச் சொன்னால் அது வேறு. அது அழைப்பு, மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

குலம் இல்லாதவர்களுக்கு வழி தாராளமாக இருக்கிறது. யாருக்கும் பொதுவான டார்டன்களில் முதலாவது பிளாக் வாட்ச். கரும்பச்சை, கருநீலம், கறுப்பு. 1725இல் ஹைலேண்ட் பகுதியைக் காவல் காக்கத் திரட்டிய குழுக்களிலிருந்து 1739இல் உருவான படையின் பெயரால் வழங்குவது. அரசாங்க டார்டன் என்றும் சொல்வார்கள். கார்டன் டார்டன் இதன்மேல் ஒரு மஞ்சள் கோடு ஓட்டியது, மெக்கன்சி வெள்ளையும் சிவப்பும் ஓட்டியது. ஹன்டிங் ஸ்டுவர்ட், கலிடோனியா, ஜேக்கபைட் ஆகியவையும் பொது. ராயல் ஸ்டுவர்ட் அரச குடும்பத்தின் டார்டன் என்றாலும் பிஸ்கட் டப்பா வரை வந்துவிட்டதால் யாரும் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் பளிச்சென்ற சிவப்பு, கல்யாணத்தில் மாப்பிள்ளையை மீறித் தெரியும். புதியவற்றில் ஐல் ஆஃப் ஸ்கை எனக்குப் பிடித்தது. ஹெதர் பூவின் ஊதாவும் மலைப் பச்சையும் கலந்தது, 1990களில் வந்தது.

ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது வட்டார டார்டன். குலத்துக்கு இருப்பது போலவே ஊர்களுக்கும் பகுதிகளுக்கும் டார்டன் உண்டு. அந்த ஊரில் வாழ்கிறவர் யாரும் உடுத்தலாம் என்பது வழக்கம். அபர்டீன், டண்டீ, இன்வர்னெஸ், பெய்ஸ்லி எல்லாவற்றுக்கும் இருக்கிறது. எடின்பரோவின் டார்டன் 1970இல் அங்கே நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியையொட்டி வந்தது. கிளாஸ்கோவுக்கும் உண்டு. மூன்று ஆண்டுகளாக அந்த ஊரில் வேலை பார்த்து, வாடகை கட்டி, மழையில் நனைந்திருக்கிறீர்கள். யாராவது கேட்டால் "இது என் ஊர் டார்டன்" என்று நிமிர்ந்து சொல்லலாம். இதைவிட நேரான பதில் எந்தக் குலப்பெயரிலும் கிடைக்காது.

தேடிப் பார்க்க ஸ்காட்டிஷ் டார்டன் பதிவேடு இருக்கிறது. 2008இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2009இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இயங்குகிறது. ஆயிரக்கணக்கான டார்டன்களைப் பெயர், நிறம், ஊர் என்று இலவசமாகத் தேடலாம். ஒவ்வொன்றின் குறிப்பையும் படியுங்கள். சிலவற்றில் கட்டுப்பாடு உண்டு என்று போட்டிருக்கும், அவற்றைத் தவிருங்கள். ஆல்பர்ட் இளவரசர் வடிவமைத்த பால்மோரல் அரச குடும்பத்துக்கே உரியது, அரசரின் அனுமதி இல்லாமல் உடுத்துவதில்லை. நிறுவனங்களின் டார்டன்களும் அப்படிப்பட்டவை. நம் பக்கத்திலிருந்து போனவர்களும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள், சிங் என்ற பெயரில் ஒரு டார்டன் உண்டு. பதிவேட்டில் இருக்கிறது என்பதற்காகக் கடையில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தயாராக நெய்து வைத்திருப்பவை சில நூறுதான். மற்றவற்றைத் தனியாக நெய்யச் சொல்ல வேண்டும். சில ஆலைகள் சிறிய அளவிலும் நெய்து தருகின்றன, ஆனால் காலமும் பணமும் கூடும்.

ஒரே டார்டனே நான்கைந்து சாயலில் வருவதைப் பார்த்துக் குழம்புவீர்கள். மாடர்ன் என்றால் அடர்த்தியான நிறங்கள். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ரசாயனச் சாயம் வந்த பிறகு உண்டான தோற்றம். ஏன்ஷியன்ட் என்றால் வெளிறிய நிறங்கள், பழைய செடிச் சாயத்தை நினைவூட்டுவதற்காக. பெயரைப் பார்த்து அந்த வடிவம் பழமையானது என்று எண்ணிவிட வேண்டாம், அது சாயலின் பெயர் மட்டுமே. வெதர்ட் அல்லது மியூட்டட் என்றால் வெயிலிலும் மழையிலும் கிடந்து மங்கியது போன்ற பழுப்பும் சாம்பலும். பிளாக் வாட்சை மாடர்னில் எடுத்தால் மூன்றடி தூரத்தில் கறுப்பாகத்தான் தெரியும். ஏன்ஷியன்ட்டில் எடுத்தால் நீலமும் பச்சையும் தனித்தனியாகத் தெரியும், வேறு துணியோ என்று தோன்றும். என்னைப் போன்ற கறுத்த நிறத்துக்கு மாடர்ன் சாயல்களும் ஆழ்ந்த சிவப்பும் பச்சையும் எடுப்பாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். வெதர்ட் சாயல்களை மலைச்சரிவில் பார்க்க ஆசையாக இருக்கும், என் மேல் வைத்தால் சோர்ந்துவிடுகின்றன. உங்கள் கண்ணாடியே கடைசித் தீர்ப்பு சொல்லட்டும்.

கணினித் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆலைகளும் கடைகளும் மாதிரித் துண்டு அனுப்பும். கேட்கும்போது ஒரு முழு செட்டாவது இருக்கிற அளவுக்குத் துண்டு கேளுங்கள். உள்ளங்கை அளவுத் துண்டில் சிவப்பே இல்லாத டார்டன் முழுத் துணியில் சிவப்பாக வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை, மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒருமுறை பாருங்கள். முஷ்டியில் பத்து வினாடி கசக்கிப் பிடித்து விடுங்கள். நல்ல வொர்ஸ்டட் உடனே சுருக்கத்தை உதறிக்கொண்டு நிமிரும். அப்புறம் நீங்கள் போடப் போகிற கோட்டைப் பக்கத்தில் வையுங்கள். கறுப்புக் கோட்டு எதற்கும் ஒத்துப்போகும். ட்வீட் கோட்டு என்றால் டார்டனில் இருக்கும் மெல்லிய கோடுகளில் ஒன்றின் நிறத்தோடு பொருத்திப் பாருங்கள், நன்றாக அமையும்.

பராமரிப்புக்கு அதிகம் ஒன்றுமில்லை. கம்பளி கில்ட்டைத் துவைக்க வேண்டாம். உடுத்திய பின் ஒரு நாள் காற்றாட மாட்டி, பிரஷ்ஷால் தட்டி வையுங்கள். டிரை கிளீனுக்குக் கொடுத்தால் கொசுவங்களைக் கீழ்வரை ஓட்டுத்தையல் போட்டுக் கொடுங்கள். அந்துப்பூச்சிக்கு மட்டும் பயப்படுங்கள், ஒரே கோடையில் ஆயுள் முழுக்க வர வேண்டிய துணியை அரித்துவிடும்.

இனி உங்களுக்கு நேரடியாக. 16 அவுன்ஸ் வொர்ஸ்டட் கம்பளி, எட்டு கெஜம், செட் மடிப்பு. டார்டன் கிளாஸ்கோ வட்டாரத்தினுடையது. அது அந்த எடையில் உடனே கிடைக்காவிட்டால் 13 அவுன்ஸில் கேளுங்கள். மாதிரித் துண்டு மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் ஹன்டிங் ஸ்டுவர்ட், அல்லது ஏன்ஷியன்ட் சாயலில் பிளாக் வாட்ச். கையால் தைக்கும் கில்ட்டுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அக்டோபர் கல்யாணம் என்றால் ஜூன் மாதமே அளவு கொடுத்துவிடுங்கள். பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள். கில்ட் அதைவிட மேலே, தொப்புள் உயரத்தில் உட்காரும், அந்த இடத்தின் சுற்றளவு வேறு. தைக்கிறவரே டேப் வைத்து எடுக்கட்டும். நேராக நின்று, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் கொடுங்கள். பக்கவார்கள் நடு ஓட்டையில் பூட்டும்படி அளவு வைக்கச் சொல்லுங்கள். கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் ஒரு ஓட்டை தளர்த்திக்கொண்டு ஆடப் போகலாம்.